துணை ஆயர்னா யாரு? தாப்பா பக்கத்து ஆளுங்க கொஞ்சம் வாங்க

ரப்பர்கொட்டை | செவ்வாய், இரவு 9:12

வணக்கம் எல்லாருக்கும். சின்ன சந்தேகம்தான். மவனுக்கு அடுத்த வருஷம் உறுதிபூசுதல் (கோயில்ல கன்ஃபர்மேஷன்), ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி கிளாஸ்ல டீச்சர் ஹோம்வொர்க் குடுத்துருக்காங்க, ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்து அதுல உள்ளத பத்தி ஒரு பக்கம் எழுதி கொண்டாரணும். ஒருத்தனுக்கு பாப்பரசர், ஒருத்திக்கு கன்னியாஸ்திரி, இவனுக்கு வந்தது "துணை ஆயர்", அதாவது துணை பிஷப். வீட்டுக்கு வந்து கேக்குறான், அப்பா துணைன்னா ஹெல்ப்பரா, எங்க பள்ளியில துணைத் தலைமையாசிரியர் இருக்காரே அது மாதிரி பெரம்பு வெச்சுருப்பாரான்னு. பெரம்பு இல்லடா செங்கோல்னு சொல்லி சமாளிச்சுட்டேன். நான் தோட்டத்துல வளந்தவன், மாசத்துக்கு ஒரு பூசை, அதுக்கே சாமியார் மோட்டார்ல சேறு அடிச்சுக்கிட்டு வருவாரு, ஆயர நேர்ல பாத்ததே கல்யாணத்துக்கு அப்புறம்தான். யாராச்சும் வெளக்கமா சொல்லுங்க லா. இன்னொன்னு, நம்ம பேராக் தாப்பாவுல பொறந்த ஒருத்தரு பிஷப் ஆனாருன்னு எங்கம்மா சொல்லும், அது நெசமா?

செம்பனை77 | இரவு 9:40

நெசம்தான் பிரதர். மர்பி பாக்கியம், 1938ல தாப்பாவுல பொறந்தவரு. 1964ல குருப்பட்டம், 1995ல கோலாலம்பூருக்கு துணை ஆயர், 2003ல பேராயர், அதாவது ஆர்ச்பிஷப். அம்மா சொன்னது கரெக்ட்டு.

துணை ஆயர்னா ரொம்ப யோசிக்காதீங்க. தோட்டத்துல மேனேஜருக்கு கீழ சின்ன தொரை இருந்தாரே, அதான். பெரிய தொரை பங்களாவுல, சின்ன தொரை வெயில்ல. கையெழுத்து போடுற பவரு கெடையாது, திட்டு மட்டும் வாங்கிக்கணும். முடிஞ்சுது ஹோம்வொர்க்.

கிராணி_மகள் | இரவு 10:05

முடியல @செம்பனை77. நான் இருபது வருஷமா மறைக்கல்வி எடுக்குறேன், இத கேட்டுட்டு தூக்கம் வராது எனக்கு.

சின்ன தொரைய பத்தி பெரிய தொரை கம்பெனிக்கு ஒரு லெட்டர் போட்டா மறுமாசம் ஆள் இருக்க மாட்டாரு. துணை ஆயர அப்படி பேராயர் வீட்டுக்கு அனுப்ப முடியாது, போடுறதும் மாத்துறதும் ரோம்தான். அடுத்து பட்டம். ஆயர் பட்டத்துல அரை பட்டம் கால் பட்டம் எல்லாம் இல்ல, பேராயருக்கு என்ன சடங்கோ அதே சடங்கு இவருக்கும், தரையில குப்புற படுப்பாரு, புனிதர்கள் மன்றாட்டு மாலை பாடுவாங்க, மூணு ஆயருங்க சேந்து தலையில கை வெப்பாங்க, நற்செய்தி புத்தகத்த தலைக்கு மேல விரிச்சு பிடிப்பாங்க. எந்திரிக்கும்போது முழு ஆயர். அவரே ஒருத்தருக்கு குருப்பட்டம் குடுக்கலாம். அவருகிட்ட இல்லாதது ஒண்ணே ஒண்ணு, ஆளுறதுக்கு சொந்தமா ஒரு மறைமாவட்டம், அதாவது ஒரு ஆயரோட பொறுப்புல உள்ள பகுதி, இல்ல, அதனால கதீட்ரல்ல அந்த பெரிய நாற்காலி அவருது இல்ல.

பவரு கெடையாதுன்னு சொன்னீங்களே, திருச்சபை சட்டம் 406 என்ன சொல்லுதுன்னா துணை ஆயர முதன்மைக் குருவாவோ இல்ல ஒரு பகுதிக்கு பதில் குருவாவோ ஆயர் நியமிச்சே ஆகணும். முதன்மைக் குருன்னா விக்கார் ஜெனரல், நிர்வாகத்துல ஆயருக்கு அடுத்த கையெழுத்து அவருது. வெயில்ல நிக்கிறாருங்கறது வேணா உண்மை. கோலாலம்பூர் மறைமாவட்டம்னா கூட்டரசு பிரதேசம் மட்டும் இல்ல, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங், திரெங்கானு எல்லாம் அதுக்குள்ள. ஒரு மனுசன் ஒரு ஞாயித்துக்கிழமையில எத்தன கோயிலுக்கு போக முடியும், அதுக்குதான் ரெண்டாவது ஆள்.

ரப்பர்கொட்டை | இரவு 10:21

அக்கா நன்றி. பேராயர் எறந்துட்டா இல்ல ஓய்வு எடுத்துட்டா துணை ஆயர்தான் அடுத்து வருவாரா? பாக்கியம் அப்படித்தான் வந்தாரா?

கிராணி_மகள் | இரவு 10:38

தானா வர மாட்டாரு தம்பி. தானா வரணும்னா அது வேற பதவி, கோஅட்ஜுட்டர்னு பேரு, வாரிசு உரிமையோட வர்ற இணை ஆயர், சட்டம் 403ல ரெண்டையும் பிரிச்சு போட்டுருக்கும். போப் பிரான்சிஸ் கதைய பையனுக்கு சொல்லுங்க, சுலபமா புரியும். 1992ல புவனஸ் அயர்ஸ்ல துணை ஆயர். 1997ல அதே ஊருக்கு கோஅட்ஜுட்டர். 1998ல அங்க இருந்த கர்தினால் எறந்ததும் அன்னைக்கே இவரு பேராயர், புது நியமனம் தேவையில்ல. 2001ல கர்தினால், 2013ல போப். போப் ரெண்டாம் ஜான் பாலும் 38 வயசுல 1958ல கிராக்கோவுக்கு துணை ஆயரா போனவருதான். எல்சல்வடோர்ல பூசையிலயே சுட்டுக் கொன்னாங்களே ரொமேரோ, அவரும் 1970ல சான் சல்வடோருக்கு துணை ஆயர், நடுவுல வேற ஒரு சின்ன மறைமாவட்டத்துக்கு போயிட்டு 1977ல பேராயரா திரும்பி வந்தாரு.

பாக்கியம் துணை ஆயரா எட்டு வருஷம் இருந்தாரு, 2003ல சோத்தர் பெர்னாண்டஸ் ஓய்வுக்கு போனப்ப ரோம் இவர போட்டுச்சு. வேற யாரையாவது போட்டுருந்தாலும் கேள்வி கேக்க முடியாது, பழைய நாற்காலியிலயே ஒக்காந்துருக்கணும்.

லயத்துப்பூனை | இரவு 11:02

சோத்தரும் மொதல்ல துணை ஆயர்தானே?

கிராணி_மகள் | இரவு 11:10

இல்ல. அவரு சுங்கை பட்டாணியில 1932ல பொறந்தவரு, 1966ல குரு, 1977ல நேரா பினாங்கு ஆயர். துணையா இருந்தது அந்தோணி செல்வநாயகம். அவரு 1980ல கோலாலம்பூர் துணை ஆயர். 1983ல என்ன ஆச்சுன்னா டொமினிக் வெண்டர்கன் ஓய்வு எடுத்தாரு (கோலாலம்பூரோட மொத ஆயர், 1955லேந்து, பொறந்தது சிலோன்ல), சோத்தர் பினாங்குலேந்து கோலாலம்பூருக்கு எறங்கி வந்தாரு, செல்வநாயகம் கோலாலம்பூர்லேந்து பினாங்குக்கு ஏறிப் போனாரு. பஸ்ஸு மாறி ஏறுன மாதிரி. செல்வநாயகம் 2012 வரைக்கும் பினாங்குலதான், நம்ம பேராக்கும் அந்த மறைமாவட்டத்துல சேத்திங்கறதால ரப்பர்கொட்டை வயசு ஆளுங்களுக்கு ஆயர்னா அவரு மொகம்தான் ஞாபகம் வரும்.

ரப்பர்கொட்டை | புதன், காலை 7:15

ஆமாக்கா, கல்யாணத்துக்கு அப்புறம் பாத்தேன்னு சொன்னது அவரத்தான், புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுல தூரத்துலேந்து. பக்கத்துல போக முடியுமா அந்த கூட்டத்துல.

பையன் ராத்திரி படிச்சுட்டு ஒரு கேள்வி கேட்டான், எனக்கு வாய் அடைச்சு போச்சு. சொந்தமா மறைமாவட்டம் இல்லன்னா அப்புறம் எதுக்குப்பா ஆயர், ஆடே இல்லாம மேய்ப்பன் எப்படின்னு. ஏழாவது படிக்கிற பய.

கிராணி_மகள் | புதன், காலை 7:50

நல்ல பய. அந்த கேள்விய ரோம் ரொம்ப காலத்துக்கு முன்னாடியே கேட்டுக்கிச்சு. ஆயர்னா ஏதாவது ஒரு எடத்துக்கு ஆயரா இருக்கணும், காத்துல ஆயர் இருக்கக்கூடாதுங்கறது பழைய நெனப்பு. அதனால துணை ஆயருக்கு பேருக்கு ஒரு மறைமாவட்டம் குடுப்பாங்க. ஒரு காலத்துல நெசமாவே இருந்து, ஆளுங்க போயி, கோயில் இடிஞ்சு, இப்ப வரைபடத்துல பேரு மட்டும் இருக்குற ஊரு. வட ஆப்பிரிக்காவுல, துருக்கியில அது மாதிரி நூத்துக்கணக்குல இருக்கு. போப் பிரான்சிஸ் துணை ஆயரா இருந்தப்ப அவருக்கு ஸ்பெயின்ல ஆவுக்கான்னு ஒரு பழைய ஊரு, ஜான் பாலுக்கு எகிப்துல ஓம்பி. அங்க போகணும்னு அவசியமே இல்ல, போனாலும் வரவேற்க ஆள் கெடையாது.

ஒரு கதை இருக்கு. பிரான்ஸ்ல ஜாக் கயோன்னு ஒரு ஆயர், ரோமோட ஒத்துப் போகல, 1995 ஜனவரியில அவர மறைமாவட்டத்த விட்டு தூக்கி பார்த்தேனியாங்கற பேர குடுத்து ஒக்கார வெச்சாங்க. அது அல்ஜீரியா மணலுக்குள்ள பொதஞ்சு போன ஊரு. மனுசன் என்ன பண்ணாரு தெரியுமா, மறுவருஷமே அந்த பேர்ல இன்டர்நெட்ல ஒரு பக்கம் தொறந்து இதுதான் என் மறைமாவட்டம், யார் வேணா வரலாம்னு உக்காந்துட்டாரு. 1996ல! நம்ம ஊர்ல அப்ப போன் லைனே ஒழுங்கா கெடையாது.

பெரட்டுமணி | புதன், காலை 11:30

நான் இங்க எழுதுறது கொறச்சல், பேத்தி டைப் பண்ணி குடுக்குறா, தப்பு இருந்தா அவ மேல. அம்மா கிராணி மகளே, நீங்க எழுதுனத ரெண்டு தரம் படிக்க சொன்னேன்.

எங்க தோட்டம் பீடோர் தாண்டி உள்ள. மூணு டிவிசன், தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், அந்தோணியார் கோயில், கள்ளுக்கடை. இப்ப போனா தாமான். பால்மரத்த அழிச்சு செம்பனை போட்டான், செம்பனைய அழிச்சு வீடு கட்டுனான், நாங்க ஆளுக்கு ஒரு பக்கம் போயிட்டோம், அந்தோணியார் சுரூபம் இப்ப எங்க சின்னவன் வீட்டு கார் ஷெட்டுல, முன்னாடி புரோட்டோன் நிக்கிது பின்னாடி அந்தோணியார் நிக்கிறாரு. ஆனா எழவு வீட்டுல போயி பாருங்க, யாருன்னு கேட்டா இன்னைக்கும் தோட்டத்து பேரத்தான் சொல்லுவோம், தாமான் பேர சொல்ல மாட்டோம். இல்லாத ஊருக்கு ஆயர்னா என்னான்னு எனக்கு நீங்க வெளக்க வேணாம் தாயி.

நாங்க உறுதிபூசுதல் வாங்குனது அந்த கோயில்லதான், பழைய மொறையில. பிஷப்ன்னு சொல்ல மாட்டோம் அப்ப, மேற்றிராணியார். மேற்றிராணியார் வர்றாருன்னா ஒரு மாசம் முன்னாடியே சுண்ணாம்பு அடிச்சு, தென்ன ஓலையில தோரணம் கட்டி, பக்கத்து டிவிசன் சனங்கள லோரியில ஏத்தியாந்து, தொரையே எட்டிப் பாத்துட்டு போனாரு. கோயில் தாழ்வாரம் தாழ்வு. காத்தாடி ஒண்ணே ஒண்ணு, அதுவும் கைக்கு எட்டுற ஒசரத்துல. அவரு தலையில உள்ள அந்த ஒசந்த தொப்பி காத்தாடியில மாட்டிரும்னு கோயில்பிள்ளை பயந்து போயி சுவிட்ச அமத்திட்டு அது பக்கத்துலயே காவலுக்கு நின்னுக்கிட்டாரு, பூசை முடியிற வரைக்கும் மேற்றிராணியார் வேர்த்து ஊத்துறாரு, யாரும் போட சொல்லல. அப்ப எண்ணெ பூசிட்டு கன்னத்துல மெதுவா ஒரு தட்டு தட்டுவாங்க, விசுவாசத்துக்கு அடி தாங்கணும்னு அர்த்தம். எனக்கு தட்டுனப்ப அவரு கையெல்லாம் ஈரம்.

லயத்துப்பூனை | புதன், மதியம் 12:04

ஐயா 😭😭 அப்ப நான் ஆத்தோர டிவிசனோட பேருக்கு ஆயர்

செம்பனை77 | புதன், மதியம் 12:11

நான் நாலாம் நம்பர் ஃபீல்டு பேராயர். மொத்தமும் இப்ப கோல்ஃப் மைதானம். விசுவாசிகள் எண்ணிக்கை: உடும்பு ரெண்டு.

கிராணி_மகள் | புதன், மதியம் 12:40

சிரிக்காதீங்கன்னு சொல்ல வந்தேன், சிரிச்சுட்டேன். பெரட்டுமணி ஐயா, கன்னத்துல தட்டுற வழக்கம் 1971ல சடங்கு மாத்துனப்ப எடுத்துட்டாங்க, அதனால ரப்பர்கொட்டை பையன் பயப்பட வேணாம்.

செம்பனை77 | புதன், இரவு 8:20

சரி, சின்ன தொரைன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒரு விஷயம் நான் சொல்லத்தான் செய்வேன். தமிழ் ஆயருங்க இத்தன பேரு வந்தும் பூசையில தமிழ் கொறஞ்சுக்கிட்டேதானே வருது. எங்க பங்குக் கோயில்ல முன்னாடி வாராவாரம் தமிழ்ப் பூசை, இப்ப மாசத்துக்கு ரெண்டு, மத்த நாள் இங்கிலீசு. பிள்ளைங்களுக்கு "பரலோகத்தில் இருக்கிற" தெரியாது. பாகான் செராய்ல 1880கள்ல தமிழ்க் கத்தோலிக்க குடியானவங்களுக்குன்னு நெலம் திருத்தி ஒரு குடியிருப்பே உண்டாக்குனது ஒரு பிரெஞ்சு சாமியாரு, ரெனே ஃபே, அவருதான் 1896ல மலாக்கா ஆயர் ஆனாரு. வெள்ளக்காரன் தமிழ் சனத்தோட கெடந்து ஆயர் ஆனான், நம்மாளு ஆயர் ஆனதும் இங்கிலீசு பேசுறாரு. இது நியாயமா?

கெடா_பொண்ணு | புதன், இரவு 8:55

அண்ணே நான் ஒத்துக்க மாட்டேன். ஆயர் தமிழருக்கு மட்டும் ஆயர் இல்லயே, ஒரே பங்குல சீனவங்க, தமிழங்க, சபா சரவாக்லேந்து வேலைக்கு வந்தவங்க, பிலிப்பினோ எல்லாம் இருக்காங்க. அப்புறம் தமிழ்ப் பூசை கொறையுதுன்னா பாட்டு பாட யாரு வர்றா சொல்லுங்க, எங்க கோயில்ல பாடகர் குழுவுல நானும் ரெண்டு ஆண்டியும்தான், ஆர்மோனியம் வாசிக்கிற அங்கிளுக்கு 74. வாட்சப்ல மொழிப்பற்று எழுதுறவங்க சனிக்கிழமை பிராக்டிசுக்கு ஒருத்தரும் காணோம்.

சோத்தர் பெர்னாண்டஸ் எங்க சுங்கை பட்டாணி ஆளுங்கறதுல எங்களுக்கு ஒரு கர்வம் உண்டு, அத நான் மறைக்க மாட்டேன். 2016ல போப் பிரான்சிஸ் அவர கர்தினால் ஆக்குனாரு, மலேசியாவோட மொத கர்தினால், அப்ப அவருக்கு 84 வயசு. 80 தாண்டுனதால போப்ப தேர்ந்தெடுக்க ஓட்டு கெடையாது, சும்மா மரியாதை. 2020 அக்டோபர்ல, கோவிட் நேரத்துல எறந்தாரு. அந்த நேரம் இல்லாம இருந்துருந்தா எங்க ஊர்லேந்தே பஸ்ஸு பஸ்ஸா போயிருப்போம்.

செம்பனை77 | புதன், இரவு 9:03

பிராக்டிசுக்கு வரலங்கறது என்னைய குத்துற மாதிரி இருக்கு.

கெடா_பொண்ணு | புதன், இரவு 9:04

குத்துனா வாங்க 😄

தே_ஓ_லிமாவ் | புதன், இரவு 10:15

பாக்கியம் பத்தி பேசுறீங்க, பெரிய விஷயத்த யாருமே சொல்லல. ஹெரால்டு வழக்கு. கத்தோலிக்க வார பத்திரிகை, நாலு மொழியில வரும், தமிழும் உண்டு, அதுல மலாய்ப் பகுதியில கடவுளுக்கு "அல்லா"ங்கற சொல்ல போடலாமா கூடாதாங்கறதுதான் கேசு. பேராயருங்கற முறையில வழக்கு போட்டது அவரு பேர்ல. 2009 டிசம்பர் 31 உயர் நீதிமன்றம் இவங்க பக்கம் தீர்ப்பு, அடுத்த வாரமே சில கோயில்கள் மேல தீ வெச்சானுங்க, 2013 அக்டோபர்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் மாத்திருச்சு, 2014 ஜூன்ல கூட்டரசு நீதிமன்றம் கதவ மூடிருச்சு. தாப்பாவுல பொறந்த ஒருத்தரு நாட்டையே பேச வெச்ச வழக்குல நின்னாரு, அதயும் பையன் எழுதட்டும்.

மேற்பார்வை | புதன், இரவு 10:31

தேதி, தீர்ப்பு வரைக்கும் சரி. அதுக்கு மேல யாரும் போக வேணாம், போன தடவ இதே பேச்சுல இழைய பூட்ட வேண்டியதா போச்சு. தலைப்புக்கு வாங்க.

கிராணி_மகள் | வியாழன், காலை 6:45

தலைப்புக்கே வர்றேன். பையனோட பக்கத்துல ஓய்வு வயச சேக்கலாம். ஆயருக்கு 75 முடிஞ்சா ராஜினாமா கடிதம் போப்புக்கு குடுக்கணும், துணை ஆயருக்கும் அதே. பாக்கியத்துக்கு 2013 டிசம்பர்ல 75, அதே மாசம் ஏத்துக்கிட்டாங்க. அப்புறம் ஏழு மாசம் போல காலி, 2014 ஜூலையில ஜூலியன் லியாவ் பேர அறிவிச்சு அக்டோபர்ல பட்டம்.

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு பிடிச்சது. பூசையில நற்கருணை மன்றாட்டுல "எங்கள் திருத்தந்தை, எங்கள் ஆயர்"னு பேர் சொல்லி வேண்டுவோம்ல, மறைமாவட்ட ஆயர் பேர கட்டாயம் சொல்லணும், துணை ஆயர் பேர சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். சாமியாரு இஷ்டம். பையன ஞாயித்துக்கிழமை அந்த எடத்துல காத தீட்டிக்கிட்டு கேக்க சொல்லுங்க.

லயத்துப்பூனை | வியாழன், காலை 8:30

இந்த துணை ஆயர் பதவி ஆதியிலேந்தே இருந்துச்சா அக்கா?

கிராணி_மகள் | வியாழன், காலை 9:10

அது ஒரு கூத்து. 325ல நீசேயா சங்கம் ஒரு ஊருக்கு ரெண்டு ஆயர் கூடாதுன்னு சொல்லிருச்சு. எழுபது வருஷம் கழிச்சு ஹிப்போவுல வலேரியுஸ்ங்கற வயசான ஆயரு, வேற ஊரு ஆளுங்க அகுஸ்தீனார தூக்கிட்டு போயிருவாங்கன்னு பயந்து தன் பக்கத்துலயே ஆயரா ஆக்கி வெச்சுக்கிட்டாரு. சட்டம் அப்படி இருக்குறது அவருக்கும் தெரியல, அகுஸ்தீனாருக்கும் தெரியல. பின்னாடி தெரிஞ்சுக்கிட்டு, தனக்கு அடுத்தவர தேர்ந்தெடுத்தப்ப, நான் இருக்குற வரைக்கும் நீ குருவாவே இருன்னு சொல்லிட்டாரு அகுஸ்தீனாரு. தான் பண்ண தப்ப அடுத்தவன பண்ண விடல.

ரப்பர்கொட்டை | வெள்ளி, இரவு 9:48

எல்லாருக்கும் நன்றி. பய எழுதி முடிச்சுட்டான், ஒரு பக்கம் கேட்டா மூணு பக்கம். சின்ன தொரை வேணாம்னு நான் சொல்லியும் கேக்கல, "துணை ஆயர் சின்ன தொரை மாதிரி, ஆனா இல்லை"ன்னு ஆரம்பிச்சுருக்கான். காத்தாடி கதை முழுசா இருக்கு. பாக்கியம் பேரு, தாப்பா, 1995, 2003 எல்லாம் இருக்கு. கடைசியில ஒரு படம் வரையணுமாம், அதுக்கு பார்த்தேனியா வேணாம், தாத்தா சொன்ன அந்தோணியார் கோயில வரையறேன்னு நிக்கிறான். பெரட்டுமணி ஐயா, அந்த கோயில் போட்டோ ஏதும் இருக்கா உங்ககிட்ட?

பெரட்டுமணி | வெள்ளி, இரவு 10:20

கோயில் போட்டோ ஒண்ணு இருக்கு, பாதி கரையான் தின்னது. வாசல் தெரியும், கோபுரம் தெரியாது. சுரூபம் இருக்கு. பயல கூட்டியாங்க, பாத்து வரையட்டும், காடிய நகத்தி வெக்க சொல்றேன்.

ரப்பர்கொட்டை | வெள்ளி, இரவு 10:24

நாளைக்கு காலையில வர்றோம் ஐயா. பசியாற எதுவும் செய்ய வேணாம், தாப்பா பாசார்லேந்து நாசி லெமாக் வாங்கியாறேன். எத்தன பேரு இருக்கீங்க?

பெரட்டுமணி | வெள்ளி, இரவு 10:31

அந்தோணியாரோட சேத்து ஆறு.